வேண்டுதல் இல்லாத சைக்கிள்

ஆகஸ்ட் 20, இரவு

போன வருஷம், என் மகன் ஜோசப்புக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டு, விவேக் நகரிலிருந்து வேளாங்கண்ணிக்குச் சைக்கிளில் போனேன். பையனுக்கு வேலையும் கிடைத்துவிட்டது. அதுதான் இப்போது எனக்கு வம்பாகிவிட்டது.

"வேண்டினது நடந்துடுச்சில்ல, இன்னும் எதுக்கு சைக்கிள்? பஸ்ல போய் நன்றி சொல்லிட்டு வா" என்கிறார் வீட்டுக்காரர். சாயந்திரம், எங்கள் சைக்கிள் குழுவை நடத்தும் சேவியர் அண்ணனும் அதையே பிடித்துக்கொண்டார்.

"வேண்டுதல் இல்லாம வந்தா அது டூரும்மா."

"டூர்னே வெச்சுக்குங்கண்ணா" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

போன வருஷம் தொப்பூர் மலை இறக்கத்தில் காற்று என் துப்பட்டாவைப் பிடுங்கியபோது நான் வாய்விட்டுச் சிரித்தது இவர்களுக்குத் தெரியாது. ஐம்பத்தோரு வயதில், சமைக்க வேண்டிய வீடு இரண்டு நாள் தூரத்துக்குப் பின்னால் கிடந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் ஜோசப்பின் வேலை எனக்கு நினைவிலேயே இல்லை. மாதா அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். அப்படியும் வேலை கொடுத்தாளே!

சீட்டில் வேண்டுதலை எழுதித் தந்தால்தான் பெயரைச் சேர்ப்பேன் என்று அண்ணன் ஒரே பிடியாக நின்றார். அவருடைய பேனாவையே வாங்கி, அவர் கண்முன்னாலேயே எழுதிக் கொடுத்தேன்: "மாதாவே, அடுத்த வருஷமும் சைக்கிள் மிதிக்க என் முழங்கால் தாங்கணும்."