அமுத்துவதற்கு முன் மூன்று சுற்று

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் யாராவது வந்து உன்னிடம் சொல்லிவிடுவார்கள். நீ இருக்கும் இடத்தில் இப்போது நம் ஊர் ஆட்கள் நிறையச் சேர்ந்துவிட்டார்கள். போன சனிக்கிழமை, போனுக்குக் காசு ரீலோட் போட வந்த இரண்டு பெண்களும் உன் மகளும் பார்த்துக்கொண்டிருக்க, கொம்பியூட்டர் திரையில் அசைந்த ஒரு சின்ன அம்பைப் பார்த்து, "போதும்டா சுத்துனது, அமுத்து!" என்று சத்தம் போட்டேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அம்பு பொத்தானை அமுத்தியதும், "ஆ, இப்ப சரி" என்று தலையை வேறு ஆட்டினேன். ரீலோட் போட வந்தவர்களில் ஒருத்தி மற்றவளின் காதில் ஏதோ சொன்னாள். என் நரைத்த தலையைப் பற்றித்தான் இருக்கும்.

உன் மகள் மட்டும் சிரிக்கவில்லை. "மாமா, அது அப்பாவா?" என்று கேட்டாள்.

மவுஸில் அப்போது யார் கையும் இல்லை. அம்பு தானாகவே நகர்ந்து, ஒரு பொத்தானுக்குப் பக்கத்தில் போய், மூன்று முறை மெதுவாக வட்டம் போட்டு, ஒரு மூச்சு நின்று, பிறகு அமுத்தியது. உன்னைப் புதைத்து எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. அந்த வட்டத்தைப் பார்த்ததும் என் கழுத்துக்குப் பின்னால் யாரோ ஈரக் கையை வைத்த மாதிரி இருந்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே ஏறும் படிகளின் ஓரத்தில் என் கொமியூனிகேஷன் கடை. வெளிநாட்டுக் கோல், போட்டோக்கொப்பி, மூலையில் ஒரே ஒரு கொம்பியூட்டர். நீ தேயிலை பெக்டரி ஆபிசில் வேலை பார்த்தாய். தோட்டத்துக்கே நீ 'கிளாக்கரய்யா', எனக்கு மட்டும் 'டேய்'. எங்கிருந்தோ பிளாஷ் மென்பொருளை ஒரு சீடியில் கொண்டுவந்து, "மச்சான், இதுல எழுத்த ஓட வைக்கலாம், படத்தப் பேச வைக்கலாம், வெப் பக்கத்தையே சினிமாக் கொட்டாய் ஆக்கிறலாம்" என்றாய். நான் முதல் வேலையாக என் கடைப் பெயரைத் திரையில் குட்டிக்கரணம் போட வைத்தேன். முப்பதைத் தாண்டிய ஆம்பிளை ஒருவன் தன் பெயர்ப்பலகை உருள்வதைப் பார்த்துக் கைதட்டினான் என்பதையும் அந்த மானக்கேட்டோடு சேர்த்துக்கொள்.

பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றில் ஒரு சிவப்புப் பந்து துள்ளும், துள்ளிக்கொண்டே இருக்கும். நீ தமிழில் எழுதினாய். பந்தைத் தூக்கிவிட்டு நம் சாமான்களைப் போட்டாய். ஒரு வடிவத்தை இன்னொன்றாக மாற்றும் பாடத்தில் கொழுந்து இலை தேத்தண்ணீர்க் கோப்பையாக மாறியது. ஒரு படத்தை இன்னொன்றால் மறைக்கும் பாடத்தில் கோச்சி தண்டவாளத்தில் புகைவிட்டுக்கொண்டு வந்து கொட்டகலைப் பக்கத்துச் சுரங்கத்துக்குள் மறைந்தது. எழுத்துப் பாடங்களை நாம் இரண்டு பேரும் தொடங்கிய இணையத்தளத்தில் ஏற்றினோம். செய்துகாட்டும் பாடங்களைத் திரையோடு அப்படியே பதிவு செய்து பிளாஷ் கோப்பாகச் சீடியில் போட்டோம். அந்த டயல் லைனில் அவற்றை ஏற்ற ஒரு ஆயுசு போதாது. சீடிகள் பஸ் கண்டக்டர்மார் சட்டைப் பையில் ராகலைக்கும் உடப்புசல்லாவைக்கும் பயணம் போயின. சிலது கட்டாருக்கும் போயின, ஊருக்கு வந்து திரும்புகிறவர்களின் பெட்டியில், மாசிச் சம்பலுக்கும் ஊறுகாய்க்கும் நடுவில்.

எனக்கு நீ கொடுத்த வேலை செய்தி எழுதுவது. தமிழில் பிளாஷ் படிப்பவர்கள் யார் என்ன செய்தார்கள், எங்கே புதுப் பாடம் வந்திருக்கிறது, யாருக்கு எங்கே சிக்கியிருக்கிறது என்று கிழமைக்கு ஒரு பக்கம். வம்பு பேசும் வாய்க்குச் சம்பளமில்லாத உத்தியோகம் கிடைத்தால் எப்படி இருக்கும்! டொரன்டோக்காரர் ஒருவர் மட்டக்களப்பு மாஸ்டர் ஒருவரின் மழைக் காட்சியை 'நல்லது, ஆனால் கனதி' என்று எழுதினார். நான் அதை 'இருவருக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை' என்று போட்டேன். அது உண்மையாகிவிட்டது. சமாதானம் பண்ண நீ அவர்களுக்கு எழுதிய ஈமெயில்கள் ஒரு புத்தகம் தேறும்.

"செய்தியில உப்புப் போடு மச்சான். நீ ஊறுகாயே போட்டு வச்சிர்ற" என்பாய்.

"சப்புனு இருந்தா எவன்டா வாசிப்பான்?"

"வாசிக்கட்டும். அப்புறம் எவனும் உன்னய நம்ப மாட்டான், பாத்துக்க."

பதிவு செய்யும்போது மைக்கை நிறுத்த நம் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பேசுவதற்கு உனக்குக் கூச்சம். பாடத்தில் யார் குரலும் இருக்காது, விளக்கமெல்லாம் எழுத்தில் வரும். ஆனால் தகரத்தில் விழும் மழை, பஸ் ஹோர்ன், 'நுவரெலியா, நுவரெலியா' என்ற கூவல், கீழ்க்கடைக்காரர் சிங்களத்தில் வெங்காய விலை பேசுவது எல்லாம் பின்னால் கேட்கும். மைக்கை நிறுத்தும் வழியை நீ ஒருநாள் கண்டுபிடித்தாய். அதே கிழமை கட்டாரிலிருந்து உடப்புசல்லாவைப் பெடியன் ஒருவன் எழுதியிருந்தான்: பாடம் பாதி விளங்கவில்லை அண்ணே, ஆனால் மழைச் சத்தத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதை நீ இரண்டு தரம் வாசித்தாய். பிறகு எழுந்துபோய் ஜன்னலை இன்னும் நன்றாகத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாய்.

அந்த மூன்று சுற்று உன் கண்டுபிடிப்பு. எதை அமுத்தினாலும் முதலில் அம்பால் மூன்று வட்டம் போடுவாய்.

"என்னடா, சூடம் காட்டுற மாதிரிக் காட்டுற? நீ மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன்தானா?" என்று கேட்டேன்.

"ராகலையில ஒருத்தன் இப்பதான் மொத தடவ மவுஸப் புடிப்பான். அவனுக்குக் காட்டுறேன். காட்டிட்டு அமுத்து மச்சான், காட்டாம அமுத்தாத."

நான் பதிவு செய்தாலும் அதே மூன்று வட்டம், அதே நிதானம் வேண்டும் என்று என் மணிக்கட்டைப் பிடித்துப் பழக்கினாய். பார்க்கிறவனுக்குப் பாடமெல்லாம் ஒரே கை மாதிரி இருக்க வேண்டுமாம். அதனால்தான் பாடங்களில் பெயர்கூடப் போட விடவில்லை. நான் போட நினைத்தது என் பெயரைத்தான் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

மணியடிப்பதிலும் உனக்கு அதே பழக்கம். ஞாயிறு காலையில் மாதா கோயில் மணிக் கயிறு உன் கையில். மூன்று அடி, ஒரு மூச்சு இடைவெளி, மறுபடி மூன்று. ஞாயிறில் நீ கடைப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தேத்தண்ணீரும் கையுமாக அந்த மணியைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நீ போன பிறகு மணியடிக்கிறவர் மூச்சே விடாமல் அடிக்கிறார், ஏலம் போடுகிற மாதிரி.

நீ போனது ஒரு மழை நாளில். பெக்டரி ஆபிசில் நாற்காலியில் சாய்ந்தபடி நெஞ்சைப் பிடித்தாயாம், லொறியில் ஏற்றினார்களாம், லொறி ஹட்டனுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன் மகளுக்கு அப்போது பேச்சுகூடத் திருந்தவில்லை. தளத்தைக் கொஞ்ச நாள் நான் தனியாக இழுத்துப் பார்த்தேன். உப்பு எது ஊறுகாய் எது என்று சொல்ல ஆள் இல்லாமல் செய்திப் பக்கம் நாறிப்போனது. பிறகு தளம் போனது. பிறகு அந்த மென்பொருளையே உலகம் கைவிட்டது. உன் பாடங்களைத் திறந்தால் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வரும், மூடிய ஜன்னல் மாதிரி. யாரும் வராத மழைப் பகல்களில் திரையில் அம்பு ஒரு நூல் அளவு நகரும். மேசை ஆடியிருக்கும், வேறொன்றுமில்லை. ஆனாலும் நான் அடுத்த நகர்வுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பேன்.

உன் மகள் வளர வளர என்னிடம் உன்னைப் பற்றிக் கேட்டாள். உன் வீட்டுக்காரியிடம் கேட்டால் அழுகைதான் வருமாம். கல்யாண வீடியோக் கசெட்டை நம் ஊர் ஈரம் பூஞ்சணமாக்கிவிட்டது. மிச்சம் இருப்பது ஒரு போட்டோ. அதில் நீ இறுகிய கழுத்துப்பட்டியில் மூச்சுத் திணறுகிறாய். அதனால் நான் சொன்னேன், நிறையச் சொன்னேன். வருடத்துக்கு வருடம் நீ கொஞ்சம் உயரமாகிக்கொண்டும் கொஞ்சம் வீரனாகிக்கொண்டும் வந்தாய்.

கொழும்பில் வேலைக்குப் போனவள் போன சனிக்கிழமை மடிக்கணினியோடு வந்தாள். பழைய பிளாஷ் கோப்புகளைத் திறக்க ஒரு புரோக்ராம் கிடைத்திருக்கிறதாம்.

"சீடி இருக்கா மாமா?"

"எதுக்கும்மா? நான்தான் எல்லாம் சொல்லிட்டேனே."

"நீங்க சொல்றதுல பாதி கதைங்க மாமா. கோவிச்சுக்காதீங்க. அப்பா செஞ்ச ஒன்னே ஒன்ன, யாரும் கை வைக்காம, நான் என் கண்ணால பாக்கணும். அவர் கை எப்புடி அசையும்னுகூட எனக்குத் தெரியாதுங்க."

நீ அன்று சொன்னது பலித்துவிட்டது பார்த்தாயா? நம்ப மாட்டார்கள் என்றாயே, அதை உன் மகளே வந்து சொல்லிவிட்டாள்.

சீடிகளும் பூத்துப் போயிருந்தன. துடைத்துத் துடைத்துப் போட்டதில் ஒரே ஒரு பாடம் திறந்தது. கோச்சியும் சுரங்கமும். பின்னால் மழை. பஸ் ஹோர்ன். அம்பு வந்து மூன்று வட்டம் போட்டது, நான் அதட்டினேன், மிச்சம்தான் உனக்குத் தெரியுமே. "ஆமாம்மா, அப்பாதான்" என்றேன். எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. என் வாழ்க்கையில் உப்புக்கூடப் போடாமல் சொன்ன செய்தி அது ஒன்றுதான்.

அவள் தன் விரலைத் திரையின் மேல் வைத்தாள். தொடவில்லை, தொடுகிற தூரத்தில். அம்பு சுற்றியபோது விரலும் சுற்றியது. கோச்சி சுரங்கத்துக்குள் போய் மறைந்ததும் பாடம் முடிந்தது. அது மறுபக்கம் வெளியே வரும் பாடம் திறக்கவில்லை. "எங்க அப்பா பொறுமையான ஆளுங்க மாமா" என்றாள், என்னிடம் புதிதாக ஒரு செய்தி சொல்வது போல. பாடத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, கொழும்புப் பஸ் ஏறினாள்.

எனக்கு உன்னிடமிருந்து மிச்சமாயிருப்பது சீடி இல்லை. இப்போதும் யாருக்காவது ரீலோட் போடும்போது, அமுத்துவதற்கு முன் என் விரல் போனின் மேல் மூன்று வட்டம் போடுகிறது. சனங்கள் பொறுமை இழக்கிறார்கள். "என்னாங்க, மந்திரிக்கிறீங்களா?" என்று ஒரு கிழவர் கேட்டார். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

நேற்று உன் மகளிடமிருந்து குரல் செய்தி வந்தது. "மாமா, ராத்திரி முழுக்க அப்பாவப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஹெட்போன் போட்டுக் கேட்டா, அவர் சுத்திக் காட்டுறப்ப, தூரத்துல ஒரு மணி அடிக்குதுங்க மாமா. மூணு அடி, கொஞ்சம் நிக்கிது, மறுபடி மூணு. அது என்னா மணிங்க?"

நானும் ஹெட்போன் போட்டுக் கேட்டேன். இன்னும் பதில் அனுப்பவில்லை. அது மாதா கோயில் மணி. கயிறு உன் கையில் இருந்தது; மவுஸ் என் கையில்.