வார்டு வாசலில் பெரட்டுத் தப்பு

மாப்ள,

இன்று விடியலில் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மழைக்காலம் பார், தோல் ஊறிப்போய், தட்டினால் ஈரச் சாக்கைத் தட்டுகிற மாதிரி தொம்மென்கிறது. காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சிகளைக் கூட்டி நெருப்பு வைத்து, தப்பை அதன்மேல் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். தோல் சூடேறும்போது ஒரு வாடை வருமே, கருகலும் கொழுப்பும் சேர்ந்த வாடை, அது மூக்கில் ஏறியதும் கை நின்றுபோனது. நீ இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லியிருப்பாய்: "செத்த மாட்டைக்கூடத் தூங்க விடமாட்டியா மச்சான்?"

என் தங்கச்சி காமாட்சியைக் கட்டிய மறுவாரமே நீ சொன்ன சொல் அது. நானும் உன்னை விட்டேனா? விடியலில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பேர் படித்து, முக்கால்வாசிச் சனம் மலை ஏறிய பிறகுதான் நீ வருவாய். ஒரு கண் திறந்திருக்கும், ஒரு கண் மூடியிருக்கும். இடுப்புப் படங்குச் சாக்கைத் தலைகீழாகக் கட்டியிருப்பாய். "பாதி மாப்பிள்ளை வந்துட்டாரு, மீதி லயத்து வீட்டுல படுத்திருக்கு" என்பேன். பொம்பளைகள் கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கும். அதற்கப்புறம் ஊரையே எழுப்பித் தப்படித்து முடித்த பிறகு, உனக்கென்று தனியாக மூன்று அடி கூட அடிக்க ஆரம்பித்தேன். அதற்கு மாப்பிள்ளைத் தப்பு என்று பேரே விழுந்துவிட்டது. ஸ்பிரிங்வெளி ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற பக்கத்துத் தோட்டத்து ஆள்கூட, "இன்னைக்கு மாப்பிள்ளைத் தப்பு கேட்டுச்சா?" என்று கேட்பான்.

எனக்கு வயது நாற்பத்தாறு ஆகிறது. படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் கொழுந்துக்காட்டில். எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன். சிரிக்க வைப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது என்று உனக்குத் தெரியும். இதில் சிரிப்பு குறைவாக இருந்தால் மன்னித்துக்கொள்.

நீ நிழல் மரத்தில் கிளை வெட்ட ஏறினாய். கிளை முறிந்தது, நீ கல்மேல் விழுந்தாய். அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆபீஸ் லொறியில் பதுளைக்குக் கொண்டுபோகும்போது உன் தலை என் மடியில் இருந்தது. ரத்தம் அதிகம் இல்லை. அதனால் வழியெல்லாம் கிண்டலடித்துக்கொண்டே வந்தேன். மாப்ளைக்கு வேலைக்கு மட்டம் போட நல்ல சாக்கு கிடைத்தது என்று. காமாட்சிகூட ஒருமுறை சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் வாயைத் தைத்துக்கொள்ளத் தோன்றும்.

நாற்பது நாள் கிடந்தாய். மூக்கு வழியாக ஒரு ரப்பர் குழாய். அதில் புனல் வைத்து, பாலும் முட்டையும் சீனியும் அடித்து நர்ஸ் மிஸ்ஸி ஊற்றுவார். சிங்கள மிஸ்ஸி, நல்ல மனுஷி, ஊற்றும்போதெல்லாம் உன்னிடம் ஏதோ கதை பேசிக்கொண்டே ஊற்றுவார். சில நேரம் உன் கண் திறந்திருக்கும். நான் குனிந்து நேரே முகத்தைக் காட்டுவேன். கண்ணாடி ஜன்னலைப் பார்க்கிற மாதிரி என்னைத் தாண்டிப் பார்க்கும். முதுகில் புண் வந்தது. அது ஆறுவதற்குள் இடுப்பில் வந்தது. கிழமைக்கு ஒருதரம் குழாயை மாற்றுவார்கள். அப்போது மட்டும் உன் உடம்பு ஒரு துள்ளுத் துள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும். அது உடம்பு தானாகச் செய்கிற வேலை, அது உங்கட ஆள் இல்லை என்றார் டாக்டர். அது நீ இல்லையென்றால், உன் கழுத்தில் இருந்தது யார் மாப்ள? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த மனிதர். நம்மை நிற்க வைத்துப் பேசாமல் வாங்குப் பலகையில் உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். அதனாலேயே எனக்குப் பயம் வந்தது.

"இஞ்ச பாருங்கோ, நான் ஒளிக்கேல்ல. இது திரும்பி வாற அடி இல்லை. குழாய் இருக்குமட்டும் உடம்பு கிடக்கும். மாசக்கணக்காயும் கிடக்கும். எடுத்தால் ஐஞ்சாறு நாள்."

காமாட்சி முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் கேட்டேன், எடுத்தால் நாங்கள்தானே கொன்றவர்கள் என்று.

அவர் நெஞ்சில் வைத்துப் பார்க்கிற குழலைக் கழுத்திலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அந்தக் குழாயைப் போட்டது நான். போடேக்க உங்களைக் கேக்கேல்ல. எடுக்கிறதுக்குக் கேக்கிறன். அது சரியோ பிழையோ எண்டு எனக்கும் தெரியாது."

நோகுமா என்று கேட்டேன். நோகாது என்றுதான் படித்திருக்கிறோம், உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த ஆள் ஒருவரும் இல்லை என்றார்.

நாலு நாள் நாங்கள் பேசவில்லை. காமாட்சி என்னைப் பார்ப்பாள், நான் ஜன்னலைப் பார்ப்பேன். அவள் வாயால் சொன்னால் புருஷனை முடித்தவள் ஆவாள். நான் சொன்னால் தங்கச்சி தாலியை அறுத்தவன் ஆவேன். ஐந்தாம் நாள்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன். இருபது வருஷமாகத் தப்புக்கு எழும்பிய உடம்பு, டாக்டர் விளக்கைக் கண்ணில் அடித்தால் எழும்புமா? தப்படித்துத்தானே பார்க்க வேண்டும் என்றேன். சொல்லி முடித்தபோது அது வேடிக்கையாக இல்லை. தப்புக்கும் நீ அசையவில்லையென்றால் நீ உள்ளே இல்லை. அசைந்தால் குழாயைத் தொட விடமாட்டோம். எனக்கும் அவளுக்கும் அதுதான் பேச்சு. காமாட்சி என்னை ஒருமாதிரி பார்த்தாள். "சரிண்ணே" என்றாள்.

டாக்டர் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார். "இதால நான் சொன்னது மாறாது. உங்கட மனம் ஆறத்தான் விடுறன். காலமை ஐஞ்சரைக்கு, ரெண்டே நிமிசம். நானும் வந்து நிக்கிறன்."

ஆஸ்பத்திரிக் குசினிக்குப் பின்னால், சமையல்காரரிடம் நெருப்பு வாங்கித் தப்பைக் காய்ச்சினேன். வானம் வெளுக்கிற நேரம். டாக்டர் உன் தலைமாட்டில், கையில் டார்ச் லைட்டோடு. காமாட்சி கால்மாட்டில். அவள் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பைப்படியில் முகம் கழுவிவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நான் உன் ஜன்னலுக்கு நேரே வராந்தாவில் நின்று அடித்தேன்.

மாப்ள, நீ அதைப் பார்த்திருக்க வேண்டும். அந்த வார்டில் படுத்திருந்தவர்கள் முக்கால்வாசி நம்ம சனம். ஹல்துமுல்லை, பண்டாரவளை, இன்னும் எங்கெங்கோ மலைகளில் இருந்து வந்த ஆட்கள். முதல் அடியிலேயே வார்டு முழுக்க எழும்பிவிட்டது. தொடை எலும்பு முறிந்து காலில் கல் கட்டித் தொங்கவிட்டிருந்தவன் முழங்கையை ஊன்றி எழும்பினான். இருமி இருமி எலும்பாய்க் கிடந்தவர் காலைத் தரையில் விட்டுத் துழாவினார். இரண்டு கண்ணிலும் கட்டுப்போட்ட கிழவர் ஒருவர் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுக் கம்பளியைத் தேடினார். "இன்னைக்கு எந்த மலை?" என்று பக்கத்துக் கட்டிலைக் கேட்டார். அந்தக் கட்டில்காரருக்கும் தெரியவில்லை, எங்கே இருக்கிறோம் என்று. மிஸ்ஸி சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

சாகக் கிடந்தவர்கள் எல்லோரும் வேலைக்கு எழும்பினார்கள். நீ எழும்பவில்லை.

நான் நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, மாப்பிள்ளைத் தப்பையும் அடித்தேன். மூன்று அடி. டாக்டர் உன் இமையைத் தூக்கிப் பார்த்தார். டார்ச் லைட்டை அணைத்தார். அதுதான் பதில்.

குழாயை எடுக்கச் சம்மதம் என்ற தாளில் காமாட்சி கைநாட்டு வைத்தாள். அண்ணன்காரனுக்கு எழுதத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். அவளுடைய பெருவிரலுக்குக் கீழே என் பேரை எழுதினேன். நான் படித்த மூன்றாம் வகுப்பு அதற்குத்தான் உதவியது.

குழாய் இல்லாத முகத்தில் நீ பழையபடி நீயாக இருந்தாய். மூக்கோரம் மட்டும் ஒரு தழும்பு. ஆறு நாள். காமாட்சி துணியை நனைத்து உன் உதட்டில் வைத்துக்கொண்டேயிருந்தாள். மூன்றாம் நாள் உன் நாக்கு அந்தத் துணியைத் தேடின மாதிரி எனக்குப் பட்டது. தேடியதா, சும்மா அசைந்ததா, நான் யாரிடமும் சொல்லவில்லை. தாள் எழுதியாகிவிட்டதே என்றுதான் நினைத்தேன். ஒரு மனுஷன் நினைக்கிற நினைப்பா அது? எழுதின தாளைக் கிழிக்க எத்தனை நேரம் ஆகும்? டாக்டரின் அறை இருபதடி தூரத்தில் இருந்தது. நான் எழும்பிப் போகவில்லை. உட்கார்ந்து உன்னிடம் பழைய பகிடிகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் சாவுக்கு நான் தப்படிக்கவில்லை. கீழ்டிவிசனிலிருந்து ஆள் வந்து அடித்தார்கள்.

பிறகு இரண்டு வருஷம் நான் ஒருமாதிரி தாக்குப்பிடித்தேன். யாராவது உன்னைப் பற்றிப் பேசினால், தப்புக்கே எழும்பவில்லையே, அப்புறம் என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சோறு தின்றேன், சிரித்தேன், பெரட்டில் வேறு ஆட்களைக் கிண்டல் பண்ணினேன்.

போன ஆடி மாதம் காமாட்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகம் கொஞ்சம் தெளிவாக இருந்ததால், உன்னைப் பற்றி ஒரு பகிடி விட்டேன். மேலே போயும் அந்த ஆள் பெரட்டுக்குப் பிந்தித்தான் போயிருப்பான், என் தப்பு அங்கே கேட்காதே என்றேன். அவளும் சிரித்தாள். அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இங்க மட்டும் கேட்டுச்சாக்கும். அவரு ஒருநாளும் உன் தப்புக்கு முழிச்சதே இல்லண்ணே. இடி விழுந்தாலும் அசைய மாட்டாரு. நான்தான் தண்ணியில கையை நனைச்சு உள்ளங்கால்ல வைப்பேன். அப்பதான் முழிப்பாரு."

ஜன்னலுக்கு உள்ளே, உன் கால்மாட்டில், அவள் கையிலிருந்து சொட்டிய தண்ணீர் கண்முன் வந்தது.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில வச்சியா?"

"வைக்கல."

"ஏன்?"

அவள் முறத்தை ஒருமுறை புடைத்தாள். "வைக்கத்தான் நனைச்சேன். வச்சும் எந்திரிக்கலேன்னா, அப்புறம் எனக்கு என்னண்ணே மிச்சம்?"

வைத்து எழும்பியிருந்தால் என்று நான் கேட்கவில்லை. அவளும் அதைச் சொல்லவில்லை. அவள் அரிசியைப் பார்த்தாள், நான் வாசலைப் பார்த்தேன். அந்த நாலு நாள் மாதிரியே இருந்தது.

இருபது வருஷம் உன்னைத் தூங்குமூஞ்சி என்று ஊரே சிரிக்கக் கிண்டல் பண்ணியவன் நான். உன் காதில் தப்பு ஏறாது என்று இந்தத் தோட்டத்தில் யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்? எனக்குத்தான். உனக்கென்று மூன்று அடி கூட அடித்தவன் நான். அந்த மூன்று அடிக்கும் நீ எழும்பியதில்லை என்பது அந்த விடியலில் என் புத்தியில் வரவில்லை. உன்னை வைத்துச் சிரிக்கிறதைத் தவிர, உன்னை நான் எப்போது பார்த்தேன்? கேட்காத சத்தத்தை அடித்துவிட்டு, கேட்கவில்லை என்று தாள் எழுதிக் கொடுத்தேன்.

அந்த டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். இருந்தால் என்ன சொல்வார் என்று தெரியும். தப்பால் ஒன்றும் மாறாது, முதலிலேயே சொன்னேனே என்பார். சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் நான் எழுதிக் கொடுத்தது அவர் படிப்பை நம்பியல்ல மாப்ள, என் தப்பை நம்பி.

காமாட்சிமேல் எனக்குக் கோபமில்லை. அவளிடம் ஒரு கேள்வி பிரிக்காமல் மிச்சமிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அவள் பிழைக்கிறாள். என்னிடம் பதில்தான் இருந்தது, அதுவும் பொய்யாகப் போனது.

இன்றும் அடித்தேன். பேர் படித்தார்கள், சனம் மலை ஏறியது. மாப்பிள்ளைத் தப்பை நிறுத்தி வெகுநாள் ஆகிறது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. தப்பைக் காய்ச்சும்போது கை சூடாகிவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்கிறேன். இந்தக் குளிரில் அது உறைந்த மாதிரி இருக்கும். அடித்து முடித்ததும் கையை மணிக்கட்டுவரை முக்கி எடுக்கிறேன். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், சொட்டச் சொட்ட நிற்கிறேன்.