நடு அளவு டிராக்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன், இனி உள்ளதைச் சொல்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், எழுந்து போகச் சொல்லவும் முடியவில்லை, அதனால் அவரை உள்ளே முட்டிக்குப் பயிற்சி கொடுக்க அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரி வெளிவராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள்.

நம் பாதை போய்விட்டது பாப்பா. கீழே ரோட்டுப் பக்கம் இருந்த டிராக்டர்க்காரர் தன் மகன் வீட்டோடு போனதும் வண்டியை விற்றுவிட்டார். ஒவ்வொரு மழைக்கும் அவர்தான் வந்து பாதையைச் சமன்படுத்திக் கொடுப்பார், புல்லையும் வெட்டிவிட்டுப் போவார் என்பது உனக்குத் தெரியும். இப்போது வாடகை வண்டிக்காரர்களைக் கூப்பிட்டால் மூன்று ஏக்கருக்கெல்லாம் மேடேறி வர முடியாது என்கிறார்கள், ஒருவன் வருகிறேன் என்றான், அவன் சொன்ன திங்கட்கிழமை இன்னும் வரவில்லை. இந்த மழையில் பாதை நடுவே என் இடுப்பளவு பள்ளம் விழுந்துவிட்டது. போன மாதம் அப்பாவுக்கு முட்டி வீங்கி, காலைத் தரையில் வைக்க முடியாமல் துடித்தபோது கார்க்காரன் கீழேயே நின்றுகொண்டு மேலே வரமாட்டேன் என்றுவிட்டான். நானும் பக்கத்து நிலத்து வாத்தியாரும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து அவரைச் சேற்றில் இறக்கிக் கொண்டுபோனோம், ரோட்டுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதனால் விஷயம் இதுதான். பாதையைச் சரிசெய்து வைத்துக்கொள்ள முடிந்தால் இந்த வீட்டில் இருக்கலாம், முடியாவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான்.

சொந்தமாக ஒரு சின்ன டிராக்டர் வாங்கிவிடலாம் என்று அப்பா ஆரம்பித்தார். ஆரம்பித்தார் என்றால் லேசாக இல்லை, சாப்பாட்டு மேஜை முழுக்கப் படம் போட்ட காகிதங்கள்தான், தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டேன். எத்தனை குதிரைத் திறன், எவ்வளவு எடை, எத்தனை அடி அகலம் என்று ஒரே பேச்சு. வாத்தியார் போல அளவு தெரியாமல் வாங்கி ஏமாறக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். வாத்தியார் வாங்கியது ஐம்பது குதிரை வண்டி, மர வரிசைக்குள் நுழைந்தால் திரும்ப முடியாது, அத்தனை தூரமும் பின்னோக்கியே ஓட்டி வர வேண்டும், போன வருடம் அப்படி வரும்போது தன் வீட்டுத் துணி காயும் கம்பத்தையே சாய்த்துவிட்டார்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா, பெரியது, நடு அளவு, சின்னது என்று மூன்று வண்டிக்கும் குச்சிகளைக் கயிற்றால் கட்டிச் சட்டம் செய்தார். நீளமும் அகலமும் அச்சு அசல் வண்டியின் அளவு. முன்பக்கம் அவர் ஒரு கையில் பிடித்துக்கொள்ள, இன்னொரு கையில் கைத்தடி, பின்பக்கம் நான். இப்படியே நிலம் முழுக்கச் சுற்றினோம். வாயால் இஞ்சின் சத்தம் வேறு. திருப்பத்தில் நான் சரியாகத் திரும்பவில்லை, பின் சக்கரம் இப்படி வராது என்று எனக்குத் திட்டு விழுந்தது, நான் சக்கரமாகப் பிறக்கவில்லை என்று சொன்னேன். வாத்தியார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, வீட்டில் எல்லாரும் சௌக்கியம்தானே என்று என்னைத் தனியாகக் கேட்டார்.

பெரிய சட்டம் தண்ணீர்த் தொட்டிக்கும் சமையலறைச் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. சின்னது எல்லா இடத்திலும் போனது, விட்டால் கூடத்துக்குள்ளேயே வந்திருக்கும், ஆனால் பதினெட்டு குதிரைதானாம், எடை போதாதாம், முன்னால் மண் அள்ளும் வாளி நிறைந்ததும் நம் சரிவில் வழுக்கி இறங்கிவிடுமாம், பாதை போடும் வேலைக்கு அது ஆகவே ஆகாது. முப்பது குதிரை நடு அளவுதான் எங்கேயும் இடிக்காமல் ஒரு கை அகலம் மிச்சம் வைத்துப் போய் வந்தது. கொட்டகை வாசலிலும் நுழைந்தது. அன்றைக்கு உன் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சையில் முதலாவதாக வந்த பையன் மாதிரி இருந்தார். நானும் சிரித்தேன் பாப்பா, பொய் சொல்லக் கூடாது, எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மரத்தை அளந்தோம், சுவரை அளந்தோம், வாசலை அளந்தோம். எங்களை அளக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை கடைக்குப் போனோம். வண்டியில் ஏறும் படி என் முழங்கால் உயரம் இருக்கிறது. அப்பா வலது காலைத் தூக்கினார், அது பாதியில் நின்றுவிட்டது. இன்னொரு தடவை தூக்கினார். கடை ஆட்கள் இரண்டு பேர் வந்து கக்கத்தில் கைகொடுத்து ஏற்றினார்கள். ஏறி உட்கார்ந்த பிறகு பார்த்தால், வண்டி முன்னால் போவதும் பின்னால் போவதும் எல்லாம் வலது கால் மிதியில்தான். அந்த முட்டி இனி இவ்வளவுதான் மடங்கும் என்று டாக்டர் கைவிரித்துவிட்ட கால் அது. மிதி மேல் பாதத்தை வைக்கவே முடியவில்லை. ஏதோ இருக்கையைச் சோதிக்கிறவர் போல இங்கே தட்டி அங்கே தடவிக் கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சரி, நான் ஓட்டுகிறேன் என்று ஏறினேன். கடைக்காரர் நல்ல மனிதர், சிரிக்காமல் சொல்லிக்கொடுத்தார். இருக்கையை எவ்வளவு முன்னால் தள்ளினாலும் எனக்கு மிதி எட்டவில்லை. இருக்கையிலிருந்து நழுவி நுனிக்கு வந்து மிதித்தேன், உடனே இஞ்சின் நின்றுவிட்டது. மறுபடியும் போட்டார், மறுபடியும் நின்றது. இருக்கையில் ஆள் பாரம் இல்லை என்றால் தானாக அணைந்துவிடுமாம், பாதுகாப்புக்காம். ஆக, வேலை செய்யக்கூடிய வண்டிக்கு நாங்கள் ஆகவில்லை, எங்களுக்கு ஆகக்கூடிய சின்ன வண்டி வேலைக்கு ஆகாது. முடிந்தது கதை, வீட்டுக்குப் போகலாம் என்று பையை எடுத்தேன். அப்போதுதான் கடைக்காரர் கேட்டார், “அப்போ யாரு சார் ஓட்டப்போறது?”

அப்பா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “என் பொண்ணு வந்துடுவா. அவதான் ஓட்டுவா” என்றார். காலேஜ் விடுமுறைகளில் கீழ்வீட்டு டிராக்டரை நீ ஓட்டிய கதையையெல்லாம் அவரிடம் அளந்தார். அதோடு விட்டாரா, உன் உயரம் ஐந்தடி ஏழரை என்று சொன்னார், பெற்ற எனக்கே அந்த அரை அங்குலம் தெரியாது. கடைக்காரர் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி உன் காலுக்கு வைத்து இறுக்கிவிட்டார். வேறு யாருக்கும் கொடுக்காமல் அடுத்த மாதம் இருபதாம் தேதி வரை நிறுத்தி வைப்பதாகப் பேச்சு.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அங்கே வீடு வாங்கக் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி இங்கே வருவது என்பது இல்லை, அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே என்று நீ சொல்லி ஆறு வாரம் ஆகிறது. அதற்கு முன்னால் நாலு வருடமாக வருகிறேன் வருகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாய், அதை நான் நம்பினேனோ இல்லையோ, அவர் நம்பினார். உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு. உனக்கு வேலை அங்கே, குட்டிக்குப் பள்ளிக்கூடம் அங்கே, மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் அவ்வளவு பெரிய பொறுப்பில் இருக்கிறார், இங்கே வந்து மூன்று ஏக்கர் புல்லுக்கு நடுவே உட்கார்ந்து என்ன செய்வீர்கள். நானே உன் இடத்தில் இருந்தால் வரமாட்டேன். ஆனால் அவர் தினமும் காலையில் கொட்டகையைப் பெருக்குகிறார். வண்டிக்கு எண்ணெய் ஊற்றும் புனல் வாங்கி வைத்திருக்கிறார். அவர் வந்து இன்றைக்கு முட்டி எவ்வளவு மடங்கியது என்று சொல்லும்போது எனக்குத் தலை நிமிரவில்லை.

நகரத்தில் இரண்டு அறை வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், அவருக்குத் தெரியாது. தரைத்தளம், படி கிடையாது, ஆஸ்பத்திரிக்கு நடந்தே வரலாம். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் பல் துலக்குவது தெரிகிறது. பழகிவிடும். பழகாவிட்டாலும் வேறு வழி இல்லை.

எனக்கு நீ ஒன்று செய்ய வேண்டும். அப்பாவுக்கு ஒரு கடிதம் போடு. அவர் பெயருக்கே போடு, உன் கையாலேயே எழுது. நான் சொன்னால் என்னைத்தான் திட்டுவார், எனக்குத்தான் உன்மேல் நம்பிக்கை இல்லை என்பார். வீடு வாங்கியதைச் சொல், வரமாட்டேன் என்று எழுது. வருத்தம் தெரிவித்துப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம், அவருக்குக் கண் வலிக்கும். இருபதாம் தேதிக்கு முன்னால் வந்து சேரும்படி போடு, மறந்துவிடாதே. பதில் எழுதுகிறேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அதோ கதவு திறக்கிறது, வருகிறார். நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் உங்கள் வீட்டில் நீண்ட நாள் நன்றாக இருங்கள், குட்டிக்கு என் முத்தம், புது வீட்டில் முதல் நாள் அவன் பயந்தால் பக்கத்திலேயே படுத்துக்கொள். மறுபடியும் சொல்கிறேன், பார்க்கலாம் என்று மட்டும் எழுதிவிடாதே. அந்த ஒரு வார்த்தை போதும், அவர் வண்டியை வாங்கிவிடுவார்.

அன்புடன்,
அம்மா