ஓய்வுபெற்ற நடுவருக்கு ஓர் அணி

செப்டம்பர் 2, சனி
கால்பந்து நடுவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு மாதம் ஆகிறது. மாலை முழுக்க வீட்டில் ஈ ஓட்டினேன். மச்சான் – என் மனைவியின் அண்ணன் – நீல அணியின் ஆட்டத்துக்குப் போய்விட்டார். அவள் இறந்த பிறகு எனக்கென்று இருப்பவர் அவர் ஒருவர்தான். அவருக்கோ சனிக்கிழமை வந்தால் நீலத்தை விட்டால் வேறு உலகமில்லை. விசில் கையில் இருந்தவரை எந்த அணியின் ரசிகர்களோடும் நான் உட்காரக் கூடாது. இப்போது யார் கேட்கப்போகிறார்கள்? நானும் ஓர் அணியைப் பிடித்துக்கொண்டால் என்ன?

செப்டம்பர் 5
தேர்வு முடிந்தது. சிவப்பு அணிக்கு வாய் அதிகம். மஞ்சள், முன்னிலை கிடைத்தால் நேரத்தைக் கடத்தும். பச்சை ஒழுக்கமான பிள்ளைகள். என்னிடம் எச்சரிக்கை அட்டை வாங்கியதே அபூர்வம். பச்சைதான் என்று மச்சானிடம் சொன்னேன்.

"என்ன மாப்ள, வாடகைக்கு வீடா பாக்குறீங்க? தண்ணி வருதா, காத்து வருதான்னு விசாரிச்சுக்கிட்டு! பேசாம என்கூட வந்து உக்காருங்க."

செப்டம்பர் 6
நீலம்.

செப்டம்பர் 9, சனி
மச்சானே என் கழுத்தில் நீலத் துண்டைப் போட்டுவிட்டார். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசி நேரத்தில் எங்கள் ஆள் எதிரணியின் கோலுக்கு அருகே விழுந்தான். மொத்தக் கூட்டமும் பெனால்டி கேட்டு எழுந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "யாரும் தொடவே இல்ல, அவனாத்தான் விழுந்தான்" – சொல்லித் தொலைத்தேன்! முன்வரிசைக்காரர் திரும்பி, "பெருசு எந்தப் பக்கம்?" என்றார். மச்சான் பேருந்தில் வழி முழுக்க சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

செப்டம்பர் 10
அவனாகத்தான் விழுந்தான். அதற்கு நான் என்ன செய்ய – கண்ணைக் கழற்றியா வைக்க முடியும்?

செப்டம்பர் 16, சனி
மச்சான் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 20
வெட்கத்தை விட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். "என்னையும் கூட்டிட்டுப் போங்க மச்சான்" என்றேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர், "நியாயம் சொல்ல அங்க ஒருத்தன் விசிலோட நிக்கிறான். நீங்க எனக்குப் பக்கத்துல இருங்க, போதும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்டோபர் 14, சனி
மழை. தோற்றோம். சாப்பாடு இறங்கவில்லை.
'தோற்றோம்' என்றா எழுதியிருக்கிறேன்? சரி, இருக்கட்டும்.

நவம்பர் 11, சனி
சிவப்போடு ஆட்டம். முடிகிற நேரத்தில் அவர்கள் கோல் போட்டார்கள். துள்ளி எழுந்தேன். "ஆஃப்சைடு! அது கோலே இல்ல! கண்ணு தெரியலையா உனக்கு?" – நடுவரைப் பார்த்து நான்தான் கத்தினேன், நானேதான்! தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் கோல் கோல்தான் என்றுவிட்டார்கள். மச்சான் என் தோளில் கை போட்டபடி பேருந்து நிறுத்தம்வரை வந்தார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "மாப்ளையே சொல்லிட்டாரு, ஆஃப்சைடுன்னு! அவருக்குத் தெரியாததா?" என்று ஒரே பெருமை.

வீட்டுக்கு வந்ததும் தொலைக்காட்சியில் மறுபடி காட்டினார்கள். சுத்தமான கோல். நேற்று விசில் பிடித்தவன்கூடச் சொல்லிவிடுவான். ஆனால் மைதானத்தில் நான் பொய் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

உடனே மச்சானின் போன். "டிவில பாத்தீங்களா மாப்ள? என்ன சொல்றீங்க?"

"பாத்தேன் மச்சான். சந்தேகமே இல்ல, ஆஃப்சைடுதான்" என்றேன்.