மேற்குச் சுவரோரத் தண்ணீர்

செப்டம்பர் 9, செவ்வாய்

படுக்கையறை மேற்குச் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து தரை வரை சாய்வாக ஒரு விரிசல். போன மாதம் மயிர்க்கோடு மாதிரி இருந்தது. இன்று இனியாவின் பள்ளி அடையாள அட்டை உள்ளே நுழைகிறது. அவளேதான் செருகிக் காட்டினாள். "அம்மா, நம்ம வீடு பொளக்குதா?"

வேங்கிக்காலில் வீடு கட்டி நாலு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. ஐப்பசி மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான்.

ராணிப்பேட்டை கம்பெனியில் இருக்கும் இவரிடம் போனில் சொன்னேன். "சிமெண்ட் வச்சு அடைச்சுடலாம் மதி, பயப்படாத. இந்த வாரம் ஓவர்டைம், அடுத்த சனிக்கிழமை வரேன்." பயப்படாமல் எப்படி இருப்பது?

செப்டம்பர் 11, வியாழன்

மேஸ்திரி கண்ணாயிரம் வந்தார். விரிசலைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. நேராக வெளியே போய்ச் சுவரோரம் கடப்பாரையால் குழி தோண்டினார். முழங்கை ஆழத்தில் மண் சேறாக வந்தது. நாலு நாளாக மழையே இல்லை.

"விரிசல அடைச்சா பக்கத்துல இன்னொண்ணு வுடும்மா. அஸ்திவாரத்துக்கிட்ட தண்ணி நிக்குது. களிமண்ணு ஊறினா உப்பும், காஞ்சா எறங்கும். மொதல்ல தண்ணிய அந்தாண்ட அனுப்பு."

"எங்கேர்ந்து வருது?"

மேற்கு மதிலைக் காட்டினார். அதற்கு அந்தப் பக்கம் எல்லம்மாள் வீடு. அதானே பார்த்தேன்!

செப்டம்பர் 12, வெள்ளி

கலெக்டர் ஆபீஸ் எதிரே கடை போட்டு ஊரார் மனுக்களை எல்லாம் டைப் செய்கிறவள் நான். இன்று எனக்கே ஒன்று அடித்துக்கொண்டேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்க வேண்டும்.

வீடு கட்டும்போதே அந்த அம்மாவோடு சண்டை. "தண்ணி போற வழிய வுட்டுக் கட்டுங்க" என்று வந்து நின்றார். "பட்டா நெலத்துல இன்னா வழி?" என்று இவர் கத்தினார். இடம் பிடிக்கப் பார்க்கிறாள் என்று நானும் சொன்னேன், அவர் காது படவே. அன்றோடு பேச்சு நின்றது.

மனுவோடு போட்டோ வைக்க வேண்டும். ஞாயிறு எடுக்கலாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

காலையில் அவர்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று மதிலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லம்மாள் வெளியே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அங்கேர்ந்து எடுத்தா ஒண்ணும் தெரியாது. உள்ள வா, காட்றேன்" என்றார்.

பின்னறை. சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு ஈரம். உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்து கிடக்கிறது. தரை எங்கள் மதில் பக்கமாக இறங்கியிருக்கிறது. கட்டிலின் இரண்டு கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து மட்டம் செய்திருக்கிறார்கள். கட்டிலில் அவர் வீட்டுக்காரர் தருமன்.

"மலைப் பக்கத்துலேர்ந்து வர்ற தண்ணி எங்க வாசல்ல வந்து, உங்க மனையில எறங்கி, ரோட்டுக் கால்வாய்க்குப் போயிடும். இருவது வருஷம் அப்படித்தான் போச்சு. நீங்க மூணடி மண்ணு கொட்டி மதிலு எழுப்பிட்டீங்க. அது எங்க போவும்? இங்கியே நிக்குது. போன வருஷம் தரையெல்லாம் ஈரம். இவுரு வழுக்கி வுழுந்து, இடுப்புல பிளேட்டு வச்சிருக்குது."

அந்த ஆம்புலன்ஸ் வந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டேன். பேச்சுவார்த்தை இல்லையே, எப்படிப் போவது என்று —

அப்ப இது நான் செஞ்சதா? அவங்க தண்ணி இல்ல இது. நாங்க அடைச்ச தண்ணி. அவங்க வீட்டையும் அரிச்சு, மதிலுக்கு அடியால வந்து எங்க வீட்டையும் அரிக்குது.

"உக்காரும்மா, காபி குடிச்சிட்டுப் போ" என்றார் தருமன். செங்கல் வைத்த கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். கொடுத்ததைக் குடித்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

மனுவை அழித்துவிட்டேன். கடையில் இன்று மட்டும் மூன்று தண்ணீர்த் தகராறு மனு. "பக்கத்து வீட்டுக்குள்ள போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

செப்டம்பர் 20, சனி

இவர் வந்தார். சாப்பிட்ட பிறகு சொன்னேன். மதிலின் அடியில் திறப்பு விட்டு, நம் பக்கவாட்டுச் சந்தில் கொட்டிய மண்ணைத் தோண்டிக் கால்வாய் எடுத்து, ரோட்டுக்குத் தண்ணீரை விட்டுவிடலாம். கண்ணாயிரமும் அதைத்தான் சொல்கிறார்.

"அவங்க தண்ணிய நம்ம வீட்டுக்குள்ள வுடச் சொல்றியா? இன்னா பேச்சு இது!"

"ஏற்கெனவே உள்ளதான் வந்துட்டிருக்குது, அஸ்திவாரத்துக்கிட்ட. கண்ணுக்குத் தெரியிற மாதிரி வுடலாம்னு சொல்றேன்."

அந்தச் சந்தில் கல் பதித்தது இவர் கையால்தான். இரண்டு தீபாவளி லீவு அதிலேயே போனது. உடைக்க வேண்டுமே என்பதுதான் வலி. தெரியும். விளக்கை அணைத்துப் படுத்துவிட்டார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் ஆளைக் காணோம். மதிலுக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. "இப்ப எந்த ஆஸ்பத்திரியில காட்றீங்க?" என்று தருமனிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் சந்தில் போய் நின்று கல்லைப் பார்த்தார். மதியம் கடப்பாரையை எடுத்து முதல் கல்லை அவரே பெயர்த்தார்.

அக்டோபர் 4, சனி

பூஜை லீவு சேர்ந்து வந்ததால் இவர் இங்கேயே இருக்கிறார். மதிலில் திறப்பு விட்டாயிற்று, கம்பி வலையோடு. கால்வாயும் கட்டி முடித்தார்கள். எல்லம்மாள் அந்தப் பக்கமிருந்து குடம் குடமாக ஊற்றினார். தண்ணீர் பாதி தூரம் ஓடி நின்றுவிட்டது.

"ரெண்டு விரக்கடை சரிவு கம்மி" என்றார் கண்ணாயிரம். டியூபில் தண்ணீர் நிரப்பி மறுபடி மட்டம் பிடித்தார். நாளை பாதியை உடைத்துத் திரும்பக் கட்ட வேண்டும். இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் எல்லம்மாளும் சிரித்தார்.

அக்டோபர் 11, சனி

வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் சரிவாக சிமெண்ட் போட்டு முடிந்தது. மாடித் தண்ணீர்க் குழாயையும் கால்வாய் வரை நீட்டியாயிற்று.

எல்லம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தார். "மழ வரட்டும். அப்புறம் பேசலாம்."

அக்டோபர் 22, புதன்

விடிந்ததிலிருந்து கொட்டுகிறது. கடைக்குப் போகவில்லை. திறப்பு வழியாகச் செந்தண்ணீர் புரண்டு வந்து கால்வாயில் விழுந்து ரோட்டுக்கு ஓடியது. நடுவில் சருகும் பிளாஸ்டிக்கும் வலையை அடைத்துக்கொண்டு, தண்ணீர் ஏற ஆரம்பித்தது. ஐயோ, மறுபடியுமா? நான் கையை விட்டு இழுத்தேன். அந்தப் பக்கம் எல்லம்மாள் துடைப்பக் கட்டையால் குத்தினார். "இழு! இழு! வந்துடுச்சு!"

சடாரென்று விட்டது. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தோம். இவருக்கு வீடியோ அனுப்பினேன். "சரிவு பாத்தியா!" என்று பதில் — ஏதோ இவர் ஒருவரே கட்டியது மாதிரி.

நவம்பர் 9, ஞாயிறு

விரிசலின் நுனியில் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருந்தேன். இத்தனை மழைக்கும் கோட்டைத் தாண்டவில்லை. தை பிறந்ததும் பூசலாம் என்கிறார் கண்ணாயிரம்.

நவம்பர் 27, வியாழன்

காலையில் எல்லம்மாள் பட்டுப்புடவையில் வந்து கதவைத் தட்டினார். கீழ்பென்னாத்தூரில் தம்பி மகள் கல்யாணம். தருமன் ஊன்றுகோலோடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாயிற்று.

"வர ரெண்டு நாளாவும். இந்தா வூட்டு சாவி. மழ பேஞ்சா பின்னறைய ஒரு வாட்டி பாத்துக்கோ" என்று என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு நல்ல மழை. விட்டதும் போய்த் திறந்தேன். தரையைக் கையால் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். பிறகு பூட்டிக்கொண்டு வந்து, அந்தச் சாவியை எங்கள் வீட்டுச் சாவி தொங்கும் ஆணியிலேயே மாட்டினேன்.