திறப்பு விழாவுக்கு ஒரு தேதி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. அதைத்தான் தினமும் டிவியில் காட்டுகிறார்களே. ஓட்டல் நீச்சல் குளத்தோரம் உங்கள் கட்சியின் ஐந்து எம்.பி.க்களும் வரிசையாக உட்கார்ந்து ஜூஸ் குடிக்கிறீர்கள். நீ கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய். எதிரணி தூக்கிக்கொண்டு போய்விடும் என்று உங்களைப் பூட்டி வைத்திருக்கிறார்களாம். நல்ல பூட்டு.

அத்தானை வியாழக்கிழமை அடக்கம் செய்துவிட்டோம்.

அவர் போனதும் முதலில் உனக்குத்தான் போன் போட்டேன். யாரோ எடுத்து, "சார் மீட்டிங்ல இருக்காருங்க" என்றார். "அவரோட அத்தான் இறந்துட்டாருங்க, நான் அக்கா பேசறேன்" என்றேன். "சொல்லிடறேங்க" என்று வைத்துவிட்டார். சொன்னாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. மறுநாளும் அதே ஆள், அதே மீட்டிங். உன் சலவைத் துணிகளை எடுத்துக்கொண்டு உன் டிரைவர் நாளை இங்கிருந்து அங்கே வருகிறாராம். அதனால் இதை உன் நீலச் சட்டைக்குள் மடித்து வைக்கிறேன். சட்டையையாவது நீதானே போடுவாய்.

நடந்ததைச் சொல்கிறேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எழுந்தவர், நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். "கேஸ்தான் போல, ஒரு சோடா குடு" என்றார். சோடாவை உடைத்து நீட்டுகிறேன், கை நீட்டி வாங்க முடியவில்லை. சட்டையெல்லாம் வேர்வை. எதிர் வீட்டு பேக்கரிக்காரர் தன் வேனில் இருந்த ரொட்டித் தட்டுகளை ரோட்டிலேயே இறக்கிப் போட்டுவிட்டு எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரண்டு தெரு தள்ளித்தானே, போனவுடன் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

இதய டாக்டர் ஓடிவந்தார். பெரிய கண்ணாடி போட்ட சின்னப் பையன் போல இருப்பாரே, அவர்தான். பார்த்ததுமே, ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, உடனே எடுக்க வேண்டும், அதற்கு மெஷின் வேண்டும் என்றார். மெஷின் எங்கே என்றேன். ஜன்னல் வழியாக எதிரே இருக்கிற புதுக் கட்டடத்தைக் காட்டினார். "அங்கதாம்மா இருக்கு. வாரா வாரம் நானே ஓட்டிப் பார்க்கறேன். நர்ஸுங்க ரெடி, எல்லாம் ரெடி. திறப்பு விழா ஆகலை. நோயாளியை உள்ள விடக்கூடாதுன்னு ஆர்டர்." அவர் முகத்தைப் பார்த்து எனக்குத் திட்டக்கூட வாய் வரவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றித் தலைநகர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஊர் எல்லை தாண்டவில்லை தம்பி. என் கைக்குள் இருந்த அவர் கை திடீரென்று கனத்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. டிரைவரிடம் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் அப்படியே போகட்டும் என்று இருந்தேன்.

அந்தக் கட்டடத்தின் தரை முழுக்க அவர் ஒட்டிய டைல்ஸ். உனக்கே தெரியும். திறப்பு விழாக் கல்லையும் அவர்தான் பதித்தார். முதலில் ஒரு மந்திரி பேர். விழாவுக்கு முன்னால் கூட்டணி உடைந்தது, கல்லைப் பெயர்த்தார். அடுத்த மந்திரி ராஜினாமா, மறுபடி பெயர்த்தார். மூன்றாவது ஆள் விழாவுக்குக் கிளம்பி வரும்போதே பாதி வழியில் அணி மாறிவிட்டார், கார் அப்படியே திரும்பிப் போய்விட்டது. பந்தல், நாற்காலி, மைக் செட், எல்லாம் வெயிலில் காய்ந்தது. அன்றைக்கு அத்தான் வீட்டுக்கு வந்து சொன்னது: "அடுத்த தடவை பேரை சாக்பீஸ்ல எழுதச் சொல்லணும், துடைக்கறதுக்கு ஈஸி." இரண்டு பேரும் எப்படிச் சிரித்தோம்.

அடக்கத்தன்று நடந்த கூத்தையும் கேள். உங்கள் கட்சி போன வாரம் இரண்டாகிவிட்டது இல்லையா. மைக்கைக் கண்டால் விடாத உன் ஊர்ச் செயலாளர் ஒரு கொடியோடு வந்தார். பெட்ரோல் பங்க் முதலாளி இன்னொரு கொடியோடு வந்தார். எனக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தது. பங்க் முதலாளியுடையதில் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். ஒருவர் போர்த்த, ஒருவர் உருவ, உடம்பின் மேலேயே இழுபறி. "அவர் கடைசி வரைக்கும் எங்க ஆளுய்யா" என்கிறார் இவர். "பிரிஞ்ச அன்னைக்கே எங்க பக்கம் வந்துட்டார், கேட்டுப் பாரு" என்கிறார் அவர். யாரைக் கேட்பது? படுத்திருப்பவரையா? நான் எழுந்துபோய் இரண்டு கொடியையும் எடுத்துச் சுருட்டி, ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்தேன். எந்தக் கொடி யாருடையது என்று பார்த்துக் கொடுக்கவில்லை. நாங்கள் போர்த்திக்கொள்ளும் பழைய போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினேன்.

நீ வரவில்லை என்று கோபம் இருக்கிறது. அது கிடக்கட்டும். இப்போது நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் ஐந்து பேர் சாய்கிற பக்கம்தான் ஆட்சி என்று எல்லோரும் பேசுகிறார்கள். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்ந்துகொள். இரண்டு பக்கமும் உன்னிடம் வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள் அல்லவா? அப்போது மந்திரி பதவி கேட்காதே. அந்தக் கட்டடத்தைத் திறக்கச் சொல். விழா வேண்டாம், கல் வேண்டாம். பூட்டை எடுத்தால் போதும். இனி இன்னொருத்தி அந்த ஜன்னல் வழியாக மெஷினைப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸ் ஏற வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளத்தில் ஆழத்துக்குப் போகாதே, உனக்கு நீச்சல் வராது.

உன் அக்கா

*

தம்பிக்கு,

நேற்று நீ போனில் பேசியபோது எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

டிவியில் பார்த்தேன். அணி மாறிவிட்டாய். சுகாதார மந்திரி ஆகிவிட்டாய். பதவி ஏற்றுக்கொண்டு வெளியே வந்து, அத்தனை மைக்குக்கும் முன்னால் அழுதாய். "என் அத்தானை இழந்த பிறகுதான் இந்த முடிவை எடுத்தேன்" என்றாய். எதிர் வீட்டுப் பெண்கள் எல்லாம் என்னோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அங்கே முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் இருந்தவரை உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. செத்த பிறகு உனக்கு ஒரு காரணமாக உதவியிருக்கிறார். இனி அவரைப் பற்றி மைக்கில் பேசாதே. என்னிடம் வந்து அழு, நானும் அழுகிறேன்.

கட்டடத்துக்கு அவர் பேர் வைக்கிறாயாம், என் கையால் ரிப்பன் வெட்ட வைக்கிறாயாம். சந்தோஷம். விழா ஏன் அடுத்த மாதம் என்று கேட்டதற்கு என்ன சொன்னாய்? "அக்கா, கூட்டணியில ஏழு கட்சி. ஏழு தலைவரும் மேடையில இருக்கணும். எல்லாருக்கும் ஒத்துவர்ற தேதி அதுதான்." இன்றைக்கே திறந்துவிட்டு விழாவை அப்புறம் வைத்துக்கொள்ளலாமே என்றேன். திறந்த கட்டடத்தை எப்படித் திறப்பது, தலைவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்கிறாய். நெஞ்சு வலி ஏழு தலைவரையும் கேட்டுக்கொண்டா வரும்?

யார் நடுவில் உட்காருவது என்று அதற்குள் சண்டை வந்துவிட்டதாம், உன் ஊர்ச் செயலாளரே சொன்னார். ஒரு தலைவர் ஆதரவை வாபஸ் வாங்குவேன் என்று மிரட்டுகிறாராம். அடுத்த மாதம் வரை நீங்கள் இருப்பீர்களா என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ரிப்பன் வெட்ட வருகிறேன். கதவு திறக்கும் என்றால் என்னை எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்பேன்.

அக்கா

*

தம்பி,

இது அவசரக் கடிதம். எழுத வேறு தாள் கிடைக்கவில்லை, உன் விழா அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கண்ணாடி டாக்டர் இதைப் போனில் படம் பிடித்து உனக்கே அனுப்புவதாகச் சொல்கிறார். தயவுசெய்து மீட்டிங்கில் இருந்து எழுந்துவந்து படி.

இன்று காலை ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள். உன் அலுவலகத்தில் இருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் ரொம்பப் பதறுகிற ஆள். நான் எங்கே நிற்க வேண்டும், எந்தத் தலைவருக்கு முதல் வணக்கம், கத்தரிக்கோலை யார் தட்டில் ஏந்திக்கொண்டு வருவார்கள், எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். ஏழு தலைவருக்குப் பதிலாக ஏழு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு நாற்காலிக்கும் வணக்கம் வைத்தேன். மூன்றாவது நாற்காலிக்குக் குனிவது போதவில்லையாம், மறுபடி வைக்கச் சொன்னார். வைத்தேன்.

உள்ளே கூட்டிப் பெருக்குவதற்காகக் கதவுகளைத் திறந்துவைத்திருந்தார்கள். வாசலில் குறுக்கே ரிப்பன். உள்ளே அவர் ஒட்டிய தரை தெரிந்தது. ஒரு டைல் கூடத் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதிகாரி, "அம்மா, கேமராவைப் பாருங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

அப்போதுதான் ஒரு பஸ்ஸே ஆஸ்பத்திரிக்குள் வந்து நின்றது. பயணிகளோடு. கண்டக்டருக்கு நெஞ்சு வலி. டிரைவர் ரூட்டை விட்டுவிட்டு நேராக இங்கே திருப்பிவிட்டார். நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தோளில் டிக்கெட் பை அப்படியே தொங்குகிறது. சட்டையெல்லாம் வேர்வை. அந்த வேர்வை எனக்குத் தெரியும் தம்பி.

டாக்டர் பழைய கட்டடத்தில் இருந்து ஓடிவந்து பார்த்தார். நிமிர்ந்து புதுக் கட்டடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தட்டில் இருந்த கத்தரிக்கோலை எடுத்தேன். அதிகாரி, "அம்மா அம்மா, இது ஒத்திகைம்மா! வெட்டற மாதிரி காட்டினா போதும்!" என்று கத்தினார். வெட்டிவிட்டேன். "தூக்கிட்டு வாங்கப்பா உள்ள" என்றேன். கண்டக்டரைத் தூக்கி வந்தவர்கள் யார் உத்தரவு என்றெல்லாம் கேட்கவில்லை. அவர்களுக்கு வாசல் திறந்திருந்தது, அவ்வளவுதான். போட்டோகிராபர் பாவம், பழக்க தோஷத்தில் கை தட்டிவிட்டார்.

அடைப்பை எடுத்துவிட்டு டாக்டர் வெளியே வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பிழைச்சுட்டார்மா" என்றார். பஸ்ஸில் வந்தவர்கள் யாரும் போகவில்லை, எல்லோரும் மரத்தடியில்தான் இருந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும், இந்த பஸ் இனிமேல் கிளம்புமா கிளம்பாதா என்று கேட்டார்.

சந்தோஷம் இதோடு முடிந்துவிட்டது. அதிகாரிக்கு எங்கெங்கிருந்தோ போன். இப்போது கண்டக்டரை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டுமாம், கட்டடத்தைப் பூட்ட வேண்டுமாம், புது ரிப்பன் கட்ட வேண்டுமாம். அசைத்தால் ஆபத்து என்று டாக்டர் சொல்கிறார். வேலை போய்விடும் என்று அவரை மிரட்டுகிறார்கள். விழாவுக்கு முன்னால் திறந்தது தெரிந்தால் இரண்டு தலைவர்கள் வெளியே போய்விடுவார்கள், மந்திரிசபையே கவிழ்ந்துவிடும் என்று உன் ஊர்ச் செயலாளர் என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னார். கவிழட்டும் தம்பி. மறுபடி கட்டிக்கொள்வீர்கள், உங்களுக்குப் பழக்கம்தானே.

நான் அந்த ஏழு நாற்காலியில் ஒன்றை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எந்தத் தலைவருடையது என்று பார்க்கவில்லை. போலீஸ் வந்திருக்கிறது. அதிகாரி என்னிடம், யார் உத்தரவின் பேரில் திறந்தீர்கள் என்று எழுதிக்கொள்ளக் கேட்டார்.

மந்திரி உத்தரவு என்று சொன்னேன்.

ஆமாம், உன் பேரைச் சொல்லிவிட்டேன். எனக்கு வேறு யார் பேர் தெரியும்? அவர்கள் இப்போது உன் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். இல்லை, நான் சொல்லவில்லை என்று நீ ஒரு வார்த்தை சொன்னால், என்னை எழுப்பிவிட்டு அந்த மனிதனை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். கண்டக்டரின் பெண்சாதி இப்போதுதான் வந்து சேர்ந்தாள். என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் யார் என்று கேட்டாள். மந்திரியின் அக்கா என்றேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "உங்க தம்பி நல்லா இருக்கணும்மா" என்றாள்.

அவள் சொன்னதை உனக்கு அப்படியே அனுப்புகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி. போன் வந்தால் ஆமாம் என்று சொல்.

வாசலில் இருந்து,
உன் அக்கா