சந்தனம் பூசும்வரை

அன்புள்ள அக்கா,

நீயும் மாமாவும் வத்தலக்குண்டில் சுகமா? அம்மா தூங்கியபின் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பின்தலையில் புழுவெட்டு. ஒரு ரூபாய் அகலத்துக்கு முடியே இல்லை. ரெட்டைச் சடையை மடித்துக் கட்டி மறைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறேன். என் வகுப்பு ஜெஸ்ஸிக்கு இது வந்தபோது, ஒட்டிக்கொள்ளும் என்று அவள் பெஞ்சில் யாருமே உட்காரவில்லை.

போன வாரம் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். பயத்தில், "தொடாதம்மா, பழனிக்கு முடி நேர்ந்திருக்கேன்" என்று உளறிவிட்டேன். அம்மாவுக்கு அம்புட்டுச் சந்தோஷம். தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

"வயசுப் புள்ள முடியக் குடுக்குதுன்னா சும்மாவா?" என்று எதிர்வீட்டு ஒச்சாயி அத்தை என் கன்னத்தை வழித்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பழனிக்குப் போகிறோம்; அவளும் எங்களோடு வருகிறாள்.

மொட்டை அடித்தால் அந்த இடம் இன்னும் பளிச்சென்று தெரியும். அது இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நீ பழனிக்கு வந்துவிடு அக்கா. முடி இறக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் நீ மட்டும் நில். என்னை அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. சந்தனத்தை முன்னாடியே குழைத்துக் கையில் வைத்திரு. மொட்டை அடிப்பவர் தலையிலிருந்து கத்தியை எடுத்ததும் பூசிவிடு.

அந்த இடத்தைத் தொட உனக்குக் கூச்சமாக இருக்காதே?

உன் தங்கை